மூன்று முறை செத்த எஞ்சின்

"பிணம் எங்க மேடம்?" என்று கேட்டான் டமாரம்.

"உன் மூக்குக்கு முன்னாலதான் நிக்குது," என்றார் சர்வேயர்.

மரப்பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை டமாரம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். உட்கார சீட் இல்லை. ஹெட்லைட் இல்லை. உரித்த ஆட்டின் விலா எலும்பு போல ஒரு சட்டம், நடுவில் ஓர் எஞ்சின், முன்னும் பின்னும் சக்கரம்.

"இதுல பாதியை ஏற்கனவே எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். திருட்டு கேஸ். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

சர்வேயர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த லாரியையும் கவிழ்ந்த காரையும் பார்த்து, 'இது தானாக நடந்ததா, நடத்தப்பட்டதா' என்று எழுதிக் கொடுத்தவர். வேலையை விட்ட பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. இப்போது அதையே தனியாகத் தொழிலாக வைத்திருந்தார். கூட டமாரம். அவனிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் சொன்னவர் வீடு போய்ச் சேருவதற்குள் அது தெருமுனையைத் தாண்டியிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அவனை ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டவர்களிடம் சர்வேயர் ஒரே பதில்தான் சொல்வார்: "அவன் பேசிக்கிட்டே இருந்தா, எதிர்ல இருக்கறவங்க என்னை மறந்துடுவாங்க."

ஷெட்டுக்கு வெளியே பழைய கல் குவாரி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. பாறைகளுக்கு நடுவே கயிறு கட்டி, எண் எழுதிய அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கோ ஓர் எஞ்சின் உறுமியது.

"நாலு மணிக்குக் கமிட்டி கூடுது," என்றாள் வரவழைத்தவள். இருபது வயது. இடது முழங்கையில் கட்டு. பாறையில் ஒட்டிக்கொண்டு ஏறுவதால் மைதானம் முழுக்க அவளுக்குப் பல்லி என்று பெயர். "அதுக்குள்ள கண்டுபிடிக்கணும். இல்லன்னா மாமாவோட மெக்கானிக் பாஸைப் பிடுங்கிடுவாங்க. ஷெட்டும் கிளப்போடது. காலி பண்ணச் சொல்லிடுவாங்க. பதினெட்டு வருஷமா இங்கதான் இருக்காரு."

மணி இரண்டு பத்து.

மாமா, அதாவது அவளுடைய அம்மாவின் அண்ணன், மூலையில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அதே ஸ்பேனர்.

"முதல்ல இருந்து சொல்லு," என்றார் சர்வேயர்.

"பாறை மேல பைக்கை ஏத்தற போட்டி மேடம். வேகம் கிடையாது. கால் கீழ படக்கூடாது. பட்டா ஒரு புள்ளி அபராதம். எஞ்சின் செத்தா அஞ்சு. மூணு ஞாயிறா, சரியா பெரிய பாறைக்கு வந்ததும் எஞ்சின் செத்துடுது. கடைசித் தடவை பாதி ஏறினப்புறம் செத்து, வண்டியும் நானும் சேர்ந்து விழுந்தோம்." கட்டைத் தொட்டுக்கொண்டாள். "மாமா வேணும்னே கெடுத்துட்டாருன்னு கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"யாரு?"

அவள் கூரையைப் பார்த்தாள். "அப்பா."

டமாரம் விசிலடிக்கப் போய், அடக்கிக்கொண்டான்.

"மாமா எதுக்குக் கெடுக்கணுமாம்?"

"அடுத்த வருஷம் மாமா பையன் இதே பிரிவுல இறங்கறான். அவனுக்கு வழி விடறதுக்காம். அப்படித்தான் எழுதியிருக்காரு."

சர்வேயர் மூலைப்பக்கம் திரும்பினார். "உண்மையா?"

"பையன் இறங்கறது உண்மை," என்றார் மெக்கானிக். அவ்வளவுதான். ஸ்பேனர் மறுபடி துணிக்குள் போய்விட்டது.

குற்றம் செய்யாதவன் இந்நேரம் கத்தியிருப்பான், சத்தியம் செய்திருப்பான். சர்வேயர் மனதில் ஒரு சின்ன ஆணியை அடித்து வைத்தார்.

"எஞ்சின் இருமிட்டுச் செத்துதா, பட்டுனு செத்துதா?"

"பட்டுனு. சுவிட்சைத் தட்டின மாதிரி. மூணு தடவையும். உடனே ஒரு உதை விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடும்."

"அப்போ பெட்ரோல் இல்ல. பெட்ரோல் கிடைக்காத வண்டி இருமும், இழுக்கும், குலுங்கும், அப்புறம்தான் உயிரை விடும். பட்டுனு நின்னா கரண்ட்."

"எங்க பெரியப்பா பேச்சு மாதிரி," என்றான் டமாரம். "தானா நிக்கவே நிக்காது. பட்டுனு நின்னா, பெரியம்மா உள்ள வந்துட்டாங்கன்னு அர்த்தம்."

"அதேதான். யாரோ உள்ள வந்திருக்காங்க. பேட்டரி எங்க இருக்கு?"

"இதுல பேட்டரியே கிடையாது மேடம். எஞ்சின் சுத்தறப்போ உள்ள ஒரு காந்தச் சக்கரம் சுத்தும். அது நடுவுல இருக்கற காயில்ல கரண்ட் வரும். அது பாக்ஸுக்குப் போய், மேல இருக்கற காயிலுக்குப் போய், பிளக்ல பொறி. அவ்வளவுதான்."

"இதுல எதெல்லாம் மாத்தினீங்க?"

மெக்கானிக் எழுந்து, ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். முதல் ஞாயிறுக்குப் பிறகு பிளக். இரண்டாவதுக்குப் பிறகு மேல் காயிலும் பாக்ஸும். மூன்றாவதுக்குப் பிறகு உள் காயில். பழையது எல்லாம் துடைத்து, துணி சுற்றி, பத்திரமாக இருந்தது.

சர்வேயர் கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்தார். கூடவே தலைமுடி உலர்த்தும் டிரையரையும்.

"மேடம், அழகு நிலையம் அடுத்த கட்டடம்."

"சூடானா மட்டும் உள்ளுக்குள்ள அறுந்து போற காயில் உண்டுடா. ஆறினதும் யோக்கியன் வேஷம் போடும். பிடி இதை."

ஐந்து நிமிஷம் காயிலை வறுத்தார்கள். டமாரத்தின் நெற்றியில் வியர்வை ஓடியது. மீட்டரின் முள் இருந்த இடத்தை விட்டு ஒரு மயிரிழைதான் நகர்ந்தது. ஒவ்வொரு பாகமாகத் தொட்டு வைத்தார். எல்லாம் சுத்தம்.

"நல்லதைக் கழட்டிட்டு நல்லதையே மாட்டியிருக்கீங்க," என்றார் மெக்கானிக்கிடம். "அளந்து பார்க்காம மாத்தற ஆளா நீங்க?"

"அளந்தேன்."

"அளந்தப்போ?"

"நல்லாத்தான் இருந்துது. மாப்பிள்ளை, இவ அப்பா, மாத்துன்னாரு. மாத்தினேன்."

இன்னோர் ஆணி.

பல்லி கிக்கரை உதைத்தாள். எஞ்சின் முதல் உதையிலேயே எழுந்தது. சர்வேயர் ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பினார். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார், முறுக்கினார். குவளைத் தண்ணீரை எடுத்துக் காயில் மேல் ஊற்றினார். எஞ்சின் சட்டை செய்யவில்லை. பிறகு யாருக்கும் தெரியாமல், கட்டைவிரலால் நிறுத்தும் பட்டனை அழுத்தினார்.

பட்டென்று நிசப்தம்.

கண் இமைப்பதற்குள் இரண்டு கைகள் ஹேண்டில்பாரின் ஒரே இடத்தில் மோதிக்கொண்டன. பல்லியின் கையும் மெக்கானிக்கின் கையும். அங்கே பாட்டில் மூடி அளவில் சிவப்பாக ஏதோ ஒன்று. இரண்டு கட்டைவிரலும் அதைத்தான் அமுக்கின.

"என்னது அது?"

"தொப்பி," என்றாள் பல்லி, கொஞ்சம் வெட்கத்தோடு. "உள்ள காந்தம் இருக்கு. ஒரு கயிறு இதையும் நம்ம மணிக்கட்டையும் கட்டியிருக்கும். விழுந்தா கயிறு இழுத்துத் தொப்பி கழண்டுடும், எஞ்சின் செத்துடும். இல்லன்னா வண்டி நம்ம மேலேயே ஏறும். அதனால எஞ்சின் நின்னா எங்க ஆளுங்க எல்லாருக்கும் முதல்ல கை தொப்பிக்குத்தான் போகும். சரியா உக்காந்திருக்கான்னு அமுக்கிப் பார்க்க. தூக்கத்துல எழுப்பினாலும் அதான்."

"இதுல கயிறைக் காணோமே?"

"இது ஷெட் தொப்பி. இங்க ஓட்டிப் பார்க்கறதுக்கு. என்னோடது கறுப்பு. பையில இருக்கு."

சர்வேயர் நிமிர்ந்தார். "அப்போ ஷெட்டுல மூணு வாரமா நீங்க சோதிச்சதெல்லாம் இந்தச் சிவப்பை வெச்சு. பாறையில செத்ததெல்லாம் கறுப்பை வெச்சு."

மெக்கானிக்கின் வலது கை மெல்ல மேலே போய், சட்டைப்பையைத் தொட்டுவிட்டு இறங்கியது. சர்வேயர் பார்க்காதது போல் பார்த்தார்.

"எடு அந்தக் கறுப்பை. டமாரம், உன் சாவிக்கொத்து."

ஏழு சாவிகள், ஒரு பாட்டில் திறப்பான், எதற்கென்று அவனுக்கே தெரியாத ஓர் இரும்பு வளையம். சிவப்புத் தொப்பி கொத்தை அப்படியே கவ்வித் தூக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்புத் தொப்பியை வைத்தார்கள்.

அதுவும் தூக்கியது. இன்னும் வேகமாக.

டமாரம் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். "மேடம், எஞ்சின் செத்துடுச்சு. அஞ்சு புள்ளி அபராதம்."

மணி இரண்டு ஐம்பது.

குவாரியின் நடுவே, குடைக்குக் கீழே மடக்கு நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில், மடியில் நோட்டு. ஏறுகிறவர்கள் எத்தனை தடவை கால் ஊன்றுகிறார்கள் என்று எண்ணுவதுதான் வேலை. மூன்று ஞாயிறும் பெரிய பாறைக்கு அவர்தான்.

"நான் காலை மட்டும்தான் பார்ப்பேன்," என்றார் சர்வேயர் வாயைத் திறப்பதற்கு முன்பே. "யார் மூஞ்சியும் எனக்குத் தெரியாது. சண்டைக்குச் சாட்சி சொல்ல வரமாட்டேன்."

"மூஞ்சி வேண்டாம்மா. கால் போதும். எஞ்சின் செத்ததும் யார் கால் முதல்ல ஓடி வந்துது?"

"அது அவ அப்பாதான். அவர்தானே துணை." டமாரத்தின் முழியைப் பார்த்து விளக்கினார்: "பெரிய பாறையில ஏறணும்னா கீழ ஒரு துணை ஆள் நிக்கணும். விழுந்தா வண்டியைப் பிடிக்க. துணை இல்லாம ஏற விடமாட்டோம்."

"வந்து என்ன செஞ்சாரு?"

"பிளக் வயரைப் பிடிச்சு ஆட்டினாரு. எஞ்சின் கோளாறு, எஞ்சின் கோளாறுன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினாரு."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும்."

"தொப்பியை அமுக்கினாரா?"

அம்மாள் விரலால் விசிலைத் தடவினார். நோட்டை மூடினார். மறுபடி திறந்தார். தொப்பியைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"தொடல," என்றார் மெதுவாக. "பதினோரு வருஷமா இந்த வெயில்ல உக்காந்திருக்கேன். செத்த வண்டியில தொப்பியைத் தொடாத துணையை நான் பார்த்ததே இல்ல. இப்போ நீங்க கேட்டதும்தான் தோணுது... கயிறு கட்டி விடறதுகூட அவர்தான். வேற யாரையும் தொட விடமாட்டாரு."

திரும்பி நடக்கும்போது டமாரம் தலையைச் சொறிந்தான். "ஒண்ணும் புரியல மேடம். அப்பா தொப்பியைத் தொடப் பயப்படறாரு. ஆனா தொப்பி நல்லாருக்கு. நல்ல தொப்பிக்கு எதுக்குப் பயம்?"

"அந்தக் கயிறைப் பார்த்தியா?"

"அழுக்கா, நைஞ்சு போயிருந்துது."

"தொப்பி?"

டமாரம் நின்றான். "பளபளன்னு இருந்துது. கீறலே இல்ல."

"மூணு ஞாயிறு பாறையில உரசின தொப்பி. கீறலே இல்ல." சர்வேயர் நடையை வேகப்படுத்தினார். "நாம வர்றதுக்கு முன்னாடியே யாரோ வைத்தியம் பார்த்துட்டாங்கடா. நோயாளி பிழைச்சுட்டான். நாம நல்ல உடம்பைத் தொட்டுப் பார்த்துட்டு நோய் இல்லன்னு சொல்லிட்டிருக்கோம்."

ஷெட்டில் பல்லி மட்டும் வண்டிப் பக்கத்தில். மெக்கானிக் அதே டயரில்.

சர்வேயர் நேராகப் போய் அவர் எதிரில் கையை நீட்டினார். "சட்டைப்பையில இருக்கறதைக் கொடுங்க."

"என்ன பையில..."

"காலையில நீங்க மாத்தின தொப்பி."

மெக்கானிக்கின் கை ஸ்பேனரை விட்டது. பல்லி பைக்கை விட்டுவிட்டு வந்தாள். "மாமா?"

கடைசியில் பைக்குள் இரண்டு விரல் போனது. வெளியே வந்தது ஒரு கறுப்புத் தொப்பி. விளிம்பெல்லாம் கீறல். சர்வேயர் அதைச் சாவிக்கொத்தின் மேல் வைத்துத் தூக்கினார். கொத்து அரை விரல் உயரம் எழும்பி, பொத்தென்று விழுந்தது.

"அப்போ இவர்தான்!" என்று கூவினான் டமாரம். "தடயத்தை மறைச்சிருக்காரு! மேடம், நாலு மணிக்கு முன்னாடியே முடிச்சுட்டோம்!"

"மாமா, நீயா?" பல்லி அந்தத் தொப்பியையே பார்த்தாள். "உனக்காகத்தான் நான் இவங்களைக் கூப்பிட்டேன்..."

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பவில்லை. "நானே கெடுத்தேன்னு எழுதிக்குங்க," என்றார் சர்வேயரிடம். "நாலு மணிக்குப் போய் கையெழுத்துப் போட்டுடறேன். நாலரைக்கு இவ ஏறறப்போ வண்டி நிக்காது. எனக்கு அது போதும்."

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது." சர்வேயர் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொப்பியின் ரப்பர் விளிம்பை நெம்பினார். உள்ளேயிருந்து வட்டமாக ஒரு காந்தம் விழுந்தது. நடுவில் திருகாணி போக ஒரு துளை. "இது வண்டிச் சாமான் இல்ல. இதைக் கெடுத்தவர்தான் நீங்கன்னா, மூணு வாரம் கழிச்சு இன்னைக்கு எதுக்கு மாத்தணும்? மாத்தினதைக் குவாரிக் குட்டையில வீசாம எதுக்கு நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுத் திரியணும்?" பல்லியின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுல ஏதாவது ஒரு அலமாரிக் கதவு, சாத்தினா நிக்காம தானா திறந்துக்குதா?"

கேள்வி அவ்வளவு சாதாரணமாக இருந்ததால் பல்லி யோசிக்காமல் பதில் சொன்னாள். "ஆமா. சமையல்கட்டுல மேல் அலமாரி. அம்மா மூணு வாரமா ரப்பர் பேண்ட் போட்டுத்தான்..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவள் சர்வேயரின் உள்ளங்கையிலிருந்த காந்தத்தைப் பார்த்தாள். பிறகு மாமாவை. ஒவ்வொரு படியாக அவள் முகம் இறங்குவது தெரிந்தது. அம்மாவுக்குத் தொப்பி என்றால் என்னவென்றே தெரியாது. தானும் செய்யவில்லை. வீட்டில் இருப்பது மொத்தம் மூன்று பேர்.

"அந்த அலமாரிக்குக் காந்தம் வெச்சுத் திருகினவனே நான்தான்," என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்து. "காலையில தொப்பியைத் துடைக்கறப்போ ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிட்டுப் போச்சு. காந்தம் பிடிக்கவே இல்ல. பிரிச்சேன். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க? கமிட்டி முன்னாடி நின்னு, என் தங்கச்சி புருஷன்தான் பெத்த பொண்ணை விழ வெச்சாருன்னு சொல்லவா? சொல்லிட்டு நான் ஷெட்டுக்கு வந்துடுவேன். அவ எங்க போவா?"

மணி மூன்று நாற்பது. சரளைக்கல்லில் செருப்புச் சத்தம்.

"அந்தக் கயிறைக் கொடுங்க," என்று கிசுகிசுத்தார் சர்வேயர். நான்கே நொடியில் அலமாரிக் காந்தத்தைப் பழைய தொப்பிக்குள் திணித்து, ஹேண்டில்பாரில் ஒட்டி, கயிற்றை மாட்டி, நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "உதை!"

பல்லி உதைத்தாள். எஞ்சின் எழுந்தது.

அப்பா உள்ளே வந்தார். கையில் ஃபைல், கழுத்தில் துணை ஆளுக்கான பாஸ். ஒல்லியான மனிதர். கண்ணுக்குக் கீழே மூன்று வாரத் தூக்கம் பாக்கி. "கமிட்டி கூப்பிடுது," என்றார், மெக்கானிக்கைப் பார்க்காமல். "இவங்க யாரு?"

"கரண்ட் கோளாறு பார்க்க வந்தேன் சார். வண்டி நல்லாத்தான் ஓடுது, பாருங்க." சர்வேயர் பேசிக்கொண்டே, சோம்பல் முறிப்பது போல் கையை மெல்ல நீட்டினார். கயிறு விறைத்தது. தொப்பி கழலவில்லை. ஒரு நகத்தின் பருமனுக்குச் சாய்ந்தது, அவ்வளவுதான்.

எஞ்சின் பட்டென்று செத்தது.

நான்கு கைகள் பாய்ந்தன. பல்லியின் கை தொப்பிக்கு. மெக்கானிக்கின் கை தொப்பிக்கு. ஒன்றரை மணி நேரமாக இங்கே இருந்த டமாரத்தின் கைகூட, அவனையறியாமல், தொப்பிக்கு.

அப்பாவின் கை பிளக் வயரைப் பிடித்திருந்தது.

அப்பா தன் கையைப் பார்த்தார். பிறகு எதிரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த மூன்று கைகளைப் பார்த்தார்.

"பெரிய பாறையில எம்பறதுக்காக உடம்பைப் பின்னால தள்ளறப்போதான் கை முழுசா நீளும்," என்றார் சர்வேயர். "சின்னப் பாறையில நீளாது. பெரியதுல மட்டும் கயிறு இழுக்கும், லேசான காந்தம் கொஞ்சம் சாயும், எஞ்சின் நிக்கும். கை மடங்கினா பழையபடி உக்காந்துக்கும். ஒரு தடயமும் இருக்காது. நல்ல யோசனை சார். கயிறையும் கொஞ்சம் குட்டையாக்கினீங்க, இல்லையா?"

அப்பா வயரை விட்டார். "அடியிலேயே நிக்கும்னு நினைச்சேன்," என்றார். "தரையில இருக்கறப்பவே நின்னுடும். கால் ஊனி இறங்கிடுவா. அஞ்சு புள்ளி போகும். போகட்டும். நாலஞ்சு தடவை தோத்தா அவளுக்கே சலிச்சுடும்னு... ரெண்டு தடவை அப்படித்தான் நடந்துது. மூணாவது தடவை பாதியில..." முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டுப் பார்வையை நகர்த்தினார். "அந்தப் பாறைக்குக் கீழ நின்னு மேல பார்த்திருக்கீங்களா? நான் நாலு வருஷமா நிக்கறேன். எழுபது கிலோ வண்டி என் பொண்ணு தலைக்கு மேல தொங்கறதைப் பார்த்துக்கிட்டு."

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் பல்லி.

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

பல்லி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நீங்க பயந்தீங்க, அது சரிப்பா. நான் விழுந்தேன், அதைக்கூட விடுங்க. மாமா மேல எதுக்குப் போட்டீங்க?"

அப்பா கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். "நீ விழுந்ததும் எல்லாரும் என்னையே பார்த்தாங்க," என்றார். "வாயில வந்துடுச்சு. கமிட்டிச் செயலாளர் உடனே பேப்பரை நீட்டினாரு. அதுக்கப்புறம் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

"மாப்பிள்ளை, விடுங்க," என்றார் மெக்கானிக். "நான் போய் ஏதாவது..."

"மாமா, நீ உக்காரு," என்றாள் பல்லி.

மெக்கானிக் உட்கார்ந்தார்.

சர்வேயர் கடிகாரத்தைக் காட்டினார். "பன்னிரண்டு நிமிஷம் இருக்கு சார். நான் போனா என் அறிக்கை பேசும். அதுல பயம், பாசம்னு எதுவும் இருக்காது. காந்தம் மட்டும்தான் இருக்கும். நீங்க போனா உங்க வார்த்தை."

அப்பா ஃபைலை இன்னொரு கைக்கு மாற்றினார். வாசல்வரை போனவர் திரும்பி, மெக்கானிக்கைப் பார்த்தார். அந்த மதியம் முதல் தடவையாக. "மச்சான், அந்தக் காந்தத்தைக் கொடுங்க. வெறுங்கையோட போனா நம்பமாட்டாங்க."

கமிட்டி அறையில் மொத்தம் ஏழு நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டி நின்ற டமாரம் ஓடிவந்து மூச்சு வாங்கினான்.

"மேடம், செயலாளருக்குத் தலையே சுத்திடுச்சு! புகார் கொடுத்தவர்னு ஒரு கட்டம், குற்றம் செஞ்சவர்னு ஒரு கட்டம். ரெண்டுலயும் ஒரே ஆள் கையெழுத்து. இதை எந்த ஃபைல்ல வைக்கறதுன்னு அந்த மனுஷன் கேட்டுட்டிருக்காரு. மெக்கானிக் மேல ஒண்ணும் இல்ல. பாஸ், ஷெட் எல்லாம் அப்படியே. அப்பா பாஸைப் புடுங்கிட்டாங்க. ஒரு வருஷத்துக்குக் கயிறுக்கு அந்தப் பக்கம்தான்."

"அப்போ துணை?" என்றார் சர்வேயர்.

நாலரைக்கு விசில் ஊதியது. பெரிய பாறைக்குக் கீழே, கையைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் நின்றார். பதினெட்டு வருஷமாக வண்டியைத் திருகியவர், ஒரு நாளும் அதன் கீழே நின்றதில்லை.

பல்லி கயிற்றைத் தானே மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். தொப்பியை இரண்டு தடவை அமுக்கினாள்.

அப்பா மற்றவர்களோடு கயிற்றுக்கு வெளியே நின்றார். பக்கத்தில் டமாரம். எஞ்சின் உறுமி எழுந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாருங்க சார்."

"வேண்டாம். சத்தம் போதும்."

சத்தம் ஏறியது. பாறையில் டயர் கீறும் ஒலி. ஓர் அதட்டல். ஒரு கணம் எஞ்சின் தொண்டை அடைத்தாற்போல் இறங்கி, மறுபடி பிடித்துக்கொண்டது. கூட்டம் மூச்சை இழுத்தது. அப்பாவின் கை காற்றில் துழாவி டமாரத்தின் கையைக் கண்டுபிடித்தது.

பட்டென்று நிசப்தம்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

உச்சியில் பல்லி வண்டி மேலேயே அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலும் மிதியில். கட்டைவிரல் நிறுத்தும் பட்டன் மேல். கீழே, கால் எண்ணும் அம்மாள் கையை மூடி உயர்த்திக் காட்டினார். ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை.

"அவளேதான் நிறுத்தினா சார்," என்றான் டமாரம். "மேல போய்ச் சேர்ந்தாச்சு. இறங்க வேண்டியதுதான் பாக்கி."

பல்லி முதலில் கீழே நின்ற மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். சிரிக்கவில்லை. பார்வையை எடுக்கவும் இல்லை.

"சார்," என்றான் டமாரம் சற்றுப் பொறுத்து. "என் கை."

அப்பா விடவில்லை.